அட்டவணை போடுறவர் கடவுள் இல்லை

ஃபேன்டசி லீக்கில் தோற்ற ஒருவர் புலம்பினால் குழுவில் அவருக்குக் கிடைக்கிற பதில் ஒன்றே ஒன்றுதான்: "லக் மச்சான், விடு." இந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை. எங்கட லீக்குகளில் லக் என்று சொல்லப்படுவதில் நல்லதொரு பங்கு, ஓகஸ்ட் மாதம் யாரோ ஒருவர் லப்டொப்புக்கு முன்னால் இருந்து எடுத்த முடிவு. மழையையும் வெயிலையும் போல அதை ஏற்றுக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை.

விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபேன்டசி பிரீமியர் லீக்கில் உங்களிடம் 100 மில்லியன் பவுண் கற்பனைக் காசு. அதில் 15 வீரர்களை வாங்கலாம், ஒரே கிளப்பில் இருந்து மூன்று பேருக்கு மேல் ஏலாது. அவர்கள் உண்மையான இங்கிலாந்துப் போட்டிகளில் கோல் அடித்தால், கோல் விடாமல் தடுத்தால் உங்களுக்குப் புள்ளி. கப்டனுக்கு இரட்டைப் புள்ளி. இப்படி 38 வாரம். நண்பர்கள் சேர்ந்து இதை இரண்டு விதமாக விளையாடலாம். ஒன்று 'கிளாசிக்': யாருடைய மொத்தப் புள்ளி அதிகமோ அவர் முதலாவது. அதில் அட்டவணை என்ற பேச்சே இல்லை. மற்றது நேருக்கு நேர்: ஒவ்வொரு வாரமும் உங்களுக்கு ஓர் எதிராளி, வென்றால் 3, சமன் என்றால் 1. பகிடி, நக்கல், வெள்ளிக்கிழமை இரவுப் பயமுறுத்தல் எல்லாம் இந்த இரண்டாவதில்தான். அநியாயமும் இதில்தான்.

உண்மையான உதைபந்தாட்டத்தில் எதிராளி உங்களைத் தடுப்பார். நீங்கள் நல்லாக விளையாடவில்லை என்றால் அதற்கு அவரும் ஒரு காரணம். ஃபேன்டசியில் எதிராளி உங்களுடைய ஒரு புள்ளியைக் கூடக் குறைக்க முடியாது. நீங்கள் இங்கே 70 எடுப்பீர்கள், அவர் அங்கே 65 எடுப்பார், இரண்டுக்கும் தொடர்பே இல்லை. யாருடைய இலக்கத்துக்குப் பக்கத்தில் யாருடைய இலக்கத்தை வைத்துப் பார்க்கிறோம் என்பதுதான் முடிவு. அதாவது முடிவின் பாதி அட்டவணையின் கையில்.

ஒரு கற்பனை வாரத்தை எடுங்கோ. பன்னிரண்டு பேர். புள்ளிகள்: 91, 84, 71, 68, 66, 60, 58, 55, 52, 49, 41, 38. இந்த வாரம் 84 எடுத்தவர் பதினொரு பேரில் பத்துப் பேரை விட நல்லாகச் செய்திருக்கிறார். அட்டவணை அவரை 91 எடுத்தவரோடு கோர்த்திருந்தால் அவருக்குப் பூச்சியம். 41 எடுத்தவர் கப்டனை மாற்ற மறந்து, காயப்பட்டவரை இறக்கி, கடைசிக்கு முந்தின ஆளாக நிற்கிறார். ஆனால் எதிராளி 38. அவருக்கு மூன்று புள்ளி. ஒரு வாரம் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இப்படியான வாரங்கள் எல்லாருக்கும் ஒரே அளவில் வரவேண்டும் என்றால் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. எல்லாரும் எல்லாரையும் ஒரே தடவைகள் சந்திக்க வேண்டும்.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. பன்னிரண்டு பேர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் 11 எதிராளிகள். ஒரு சுற்றுக்கு 11 வாரம், மூன்று சுற்றுக்கு 33. மிச்சம் ஐந்து வாரம். அந்த ஐந்து வாரத்தில் யார் யாரை நாலாம் தடவை சந்திப்பது? ஐந்து வாரம் என்றால் 15 புள்ளி. முதலாம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் இடைவெளி பல லீக்கில் அவ்வளவு கூட இருக்காது.

நான் இருந்த ஒரு லீக்கில் அந்த ஐந்து வாரத்தை அட்மின் தன் விருப்பத்துக்கு நிரப்பினார். "கடைசியில விறுவிறுப்பா இருக்கட்டும் எண்டுதான்" என்பது விளக்கம். அந்த வருடம் மூன்று பேர் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள், அதில் இரண்டு பேர் பெண்கள். மூன்று பேரும் அட்மினுடைய கடைசி ஐந்து வாரத்துக்குள் இருந்தார்கள். அவருடைய நெருங்கிய கூட்டாளியின் ஐந்துக்குள்ளும் இருந்தார்கள். ஏன் என்று கேட்டால், "அவை சும்மா ஆளெண்ணிக்கைக்குச் சேர்ந்தவைதானே." ஒரு பெண் பெயர் கொடுத்தவுடன் அவரை மூன்று புள்ளியாக எழுதிவைக்கிற பழக்கம் எங்கட பொடியங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். அவர்களில் ஒருவர் மொத்தப் புள்ளியில் மூன்றாவதாக முடித்தார், அட்மினையும் அடித்தார். ஆனால் மற்ற இரண்டு பேரும் வேலை, சோதனை என்று பெப்ரவரிக்குப் பிறகு அணியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் புள்ளிகள் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அந்த சீசனில் மொத்தப் புள்ளியில் முதலாவதாக நின்றவர் அட்டவணையில் நாலாவதாக முடித்தார். கடைசி ஐந்து வாரத்தில் அவருக்கு விழுந்தவை லீக்கிலேயே கெட்டிக்கார அணிகள். ஆளுக்கு 5,000 ரூபா, மொத்தம் 60,000, பரிசு மூன்று பேருக்கு. அவருக்கு ஒன்றும் இல்லை. (அந்த ஆள் நான் இல்லை. நான் ஏழாவது, எந்த அட்டவணை போட்டிருந்தாலும் ஏழாவதுதான்.) அவர் சண்டை பிடிக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டார், "லக் மச்சான்" என்று பதில் வந்தது, அடுத்த ஓகஸ்ட் அவர் சேரவில்லை. பிறகு குழுவில் இருந்தும் போய்விட்டார்.

60,000 ரூபாவுக்காக ஒரு கட்டுரையா என்று கேட்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கோ. 2022க்குப் பிறகு எங்கட வகுப்புகள் எல்லாம் சிதறிப்போய் நிற்கின்றன. ஒருவர் லண்டனில், ஒருவர் டொரன்டோவில், ஒருவர் டோஹாவில், மிச்சப் பேர் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும். பிறந்தநாளுக்கு ஒரு கேக் படம், யாராவது செத்தால் ஒரு கும்பிடு, அவ்வளவுதான் குழுவில் நடக்கும். வாரா வாரம் எல்லாரையும் வாய் திறக்க வைக்கிறது இந்த லீக் ஒன்றுதான். அதை நாசமாக்குவதற்கு ஒரு எக்செல் ஷீட் போதும் என்றால் அந்த ஷீட்டைப் பற்றி எழுதத்தான் வேண்டும்.

அட்மின் களவு செய்தார் என்று நான் சொல்லவில்லை. களவு செய்யத் தேவையே இல்லாத இடம் அது. யாருக்கும் காட்டாமல், ஒரு விதியும் எழுதாமல், தானும் விளையாடுகிற போட்டிக்குத் தானே அட்டவணை போடுகிற ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கை தன் பக்கம்தான் சாயும். எங்கட அம்மாமார் சீட்டுக் கட்டுகிறார்கள். யாருக்கு எந்த மாதம் விழுவது என்பதைப் பிடிக்கிறவர் வீட்டுக்குள் இருந்து தீர்மானித்துவிட்டு வந்து சொன்னால் ஒரு மாதம் கூட அந்தச் சீட்டு ஓடாது. எல்லாருக்கும் முன்னால் குலுக்கித்தான் எடுப்பார்கள். அரசாங்கத்திடம் வெளிப்படைத்தன்மை கேட்டுப் பதாகை பிடிக்கிற நாங்கள் அந்த அளவுக்காவது வரவேண்டாமா?

"உண்மையான லீக்கிலயே அட்டவணை நீதியா இல்லை, எங்களுக்கு என்ன" என்று சிலர் கேட்பார்கள். பிரீமியர் லீக்கில் 20 கிளப், ஒவ்வொன்றும் மற்ற 19ஐயும் இரண்டு தடவை, சொந்த மைதானத்தில் ஒன்று, வெளியில் ஒன்று. 38. கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. அவர்களுடைய முறைப்பாடுகள் வேறு வகை: ஐரோப்பியப் போட்டி முடிந்து களைத்து வருகிறோம், தொலைக்காட்சிக்காக நேரத்தை மாற்றுகிறார்கள், ஒரே நகரத்தின் இரண்டு கிளப்பும் ஒரே நாளில் விளையாடினால் பொலிஸ் காணாது. எல்லாம் உண்மையான இடைஞ்சல்கள். எங்களுக்கு மைதானம் இல்லை, பயணம் இல்லை, களைப்பு இல்லை, பொலிஸ் இல்லை. உலகத்திலேயே நீதியான அட்டவணை போட மிக இலகுவான விளையாட்டு எங்கட கையில் இருக்கிறது. உண்மையான லீக்குக்குச் சாட்டு இருக்கு, எங்களுக்கு ஒரு சாட்டும் இல்லை.

பன்னிரண்டு பேருக்கான விடை ஏற்கெனவே ஒரு நாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்கொட்லாந்து பிரீமியர்ஷிப்பில் 12 கிளப். எல்லாரும் எல்லாரோடும் மூன்று தடவை, 33 போட்டி. அதன் பிறகு பட்டியலை நடுவில் வெட்டுவார்கள். மேல் ஆறு பேர் தங்களுக்குள், கீழ் ஆறு பேர் தங்களுக்குள், ஆளுக்கு ஐந்து போட்டி. 33உம் 5உம் 38. 2000-01 சீசனில் இருந்து இப்படித்தான் முதற்பிரிவு நடக்கிறது. எங்கட பன்னிரண்டு பேர், எங்கட 38 வாரம், இதை விட வேறென்ன வேண்டும்?

அங்கே இந்த முறையைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். மூன்று தடவை சந்திக்கும்போது ஒருவருக்கு இரண்டு போட்டி சொந்த மைதானத்தில், மற்றவருக்கு ஒன்று. வெட்டுக்குப் பிறகு யாருக்கு எங்கே போட்டி என்பது முன்கூட்டியே தெரியாததால் சில கிளப்புக்கு சொந்த மைதானப் போட்டி கூடிக் குறையும். இந்தக் குறை எங்களுக்கு இல்லவே இல்லை, ஃபேன்டசிக்கு ஏது சொந்த மைதானம்? இன்னொன்று, கடைசியில் ஏழாவதாக முடிக்கிறவர் ஆறாவதை விடக் கூடப் புள்ளி எடுத்தும் மேலே ஏற முடியாது. அது எங்களுக்கும் வரும். வரட்டும். முதலாம் இடத்துக்குப் போட்டி போடுகிற ஆறு பேரும் ஒருவரையொருவர் நாலு தடவை, மற்ற ஆறு பேரை மூன்று தடவை சந்தித்திருப்பார்கள். ஒருவருக்கும் இலகுவான ஐந்து வாரம் இல்லை. அதற்காக ஏழாவது ஆளின் மனவருத்தத்தைத் தாங்கலாம். ஏழாவது ஆளாகச் சொல்கிறேன்.

கீழ் ஆறு பேருக்கும் இதில் இலாபம் இருக்கிறது. நேருக்கு நேர் லீக்கைக் கொல்வது செத்த அணிகள். ஜனவரி வந்ததும் பதினோராவதாக நிற்கிறவருக்கு ஒரு நோக்கமும் இல்லை, அணியைப் பார்க்கமாட்டார். செப்டெம்பரில் அவரைச் சந்தித்தவர் உயிருள்ள அணியோடு மோதினார், ஏப்ரலில் சந்திக்கிறவருக்குப் பிணத்தோடு போட்டி. கீழ் ஆறுக்கென்று ஒரு சின்னப் பரிசும், கடைசி ஆளுக்கு ஊருக்கு வரும்போது எல்லாருக்கும் கொத்து வாங்கிக் கொடுக்கிற தண்டமும் வையுங்கோ. ஒருவரும் அணியைக் கைவிட மாட்டார்கள். அப்படியும் யாராவது நாலு வாரம் தொடர்ந்து ஒரு மாற்றமும் செய்யாமல் விட்டால் ஐந்தாம் வாரத்தில் இருந்து அவருடைய புள்ளிக்குப் பதிலாக மற்றவர்களின் அந்த வாரச் சராசரியைப் போடுங்கோ. அப்போது ஒருவருக்கும் இலவசப் புள்ளி இல்லை.

ஆள் பதினொன்று என்றாலும் இதே சராசரியைப் பன்னிரண்டாவது ஆளாக உட்கார வைக்கலாம். ஒற்றை எண்ணிக்கை வந்தால் ஃபேன்டசி தளமே தன்னுடைய நேருக்கு நேர் லீக்கில் 'சராசரி' என்றொரு அணியைச் சேர்த்துவிடுகிறது. சராசரி மேல் ஆறுக்குள் வந்தால் அந்த லீக்கில் இருக்கிறவர்கள் கொஞ்சம் வெட்கப்படலாம்.

சுற்றை எப்படிப் போடுவது என்பதற்கு மூளையைக் கசக்கத் தேவையில்லை. ஒரு நீள மேசை, இரு பக்கமும் ஆறாறு கதிரை. எதிரெதிரே இருப்பவர்கள் இந்த வாரம் மோதுவார்கள். அடுத்த வாரம் ஒருவர் மட்டும் தன் கதிரையில் அப்படியே இருக்க, மற்றப் பதினொரு பேரும் ஒரே திசையில் ஒரு கதிரை நகர வேண்டும். பதினொரு வாரத்தில் எல்லாரும் எல்லாரையும் ஒரு தடவை சந்தித்து முடிந்துவிடும். யார் எந்தக் கதிரை என்பதை மட்டும் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும், வீடியோ அழைப்பில், எல்லாரும் பார்க்க. தளத்தின் நேருக்கு நேர் லீக் எதிராளிகளை எழுமாறாகத் தானே போட்டுவிடும், நடுவில் வெட்ட விடாது. அதனால் எல்லாரும் ஒரு கிளாசிக் லீக்கில் சேருங்கோ, அட்டவணையைத் தனியாக ஒரு கூகுள் ஷீட்டில் வையுங்கோ, எல்லாரும் பார்க்கலாம், எல்லாரும் திருத்த முடியாது. வாரத்தில் பத்து நிமிட வேலை.

வேறு எண்ணிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருபது பேர் கிடைத்தால் இரண்டு சுற்றில் 38, யோசிக்க ஒன்றுமில்லை. பத்துப் பேர் என்றால் நாலு சுற்று 36 வாரம், மிச்ச இரண்டில் முதல் நாலு பேருக்கு அரையிறுதியும் இறுதியும். பதினாறு பேர் என்றால் இரண்டு சுற்று 30, பிறகு எட்டு எட்டாகப் பிரித்து ஏழு வாரம், கடைசி வாரம் முதலிரண்டு பேருக்கும் இறுதி. பதினாலு பேர் என்றால் எனக்கே தலை சுத்துது. இரண்டு பேரைக் கெஞ்சிச் சேர்த்துப் பதினாறாக்குங்கோ.

எல்லாரையும் எல்லாரும் சந்திக்கவே முடியாத இடங்களும் உண்டு. 2024-25 தொடக்கம் சம்பியன்ஸ் லீக்கின் முதற் கட்டத்தில் 36 கிளப், ஆளுக்கு எட்டுப் போட்டி மட்டும். அவர்கள் கூட எட்டையும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதில்லை. பலத்தின் அடிப்படையில் நாலு கூடைகள், ஒவ்வொரு கூடையில் இருந்தும் இரண்டு எதிராளிகள். எங்கட அட்மின்மாருக்கு அந்த எண்ணம் கூட வரவில்லை என்பதுதான் என்னுடைய கோபம்.

நீதியை இன்னும் கொஞ்சம் இறுக்க விரும்புகிறவர்களுக்கு அமெரிக்கர்களிடம் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. அவர்களுடைய என்.எஃப்.எல் ஃபேன்டசியில் பன்னிரண்டு பேர், வழக்கமாகப் பதினாலு வாரம், பிறகு இறுதிச் சுற்றுகள். 11 போக மிச்சம் மூன்று, அங்கும் இதே வருத்தம். அதனால் சில லீக்குகளில் ஒவ்வொரு வாரமும் இரண்டு ஆட்டம்: ஒன்று உங்கள் எதிராளியோடு, மற்றது அந்த வாரத்தின் இடையத்தோடு. ஓ.எல். கணிதத்தில் படித்த அதே இடையம்தான். புள்ளிகளை வரிசையாக அடுக்கினால் மேல் பாதியில் இருக்கிற ஆறு பேருக்கும் ஒரு வெற்றி. மேலே சொன்ன வாரத்தில் 84 எடுத்தவர் 91இடம் தோற்றாலும் இடையத்தை வென்று மூன்று புள்ளியோடு வீட்டுக்குப் போவார். 41 எடுத்தவருக்கும் எதிராளி தந்த மூன்று மட்டும்தான். இரண்டு பேரும் சமன் என்பது முழு நீதி இல்லைத்தான், ஆனால் பூச்சியத்துக்கு மூன்று என்பதை விட எவ்வளவோ மேல்.

கடைசி ஐந்து வாரத்தை ஏன் இவ்வளவு பிடித்துத் தொங்குகிறேன் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. கிண்ணப் போட்டிகளால் தள்ளிப்போன ஆட்டங்கள் பெரும்பாலும் சீசனின் பின்பகுதியில்தான் திரும்ப வைக்கப்படும். ஒரு கிளப் ஒரே வாரத்தில் இரண்டு போட்டி விளையாடும். வைத்திருந்த ட்ரிபிள் கப்டன், பெஞ்ச் பூஸ்ட் எல்லாவற்றையும் ஆட்கள் அப்போதுதான் அவிழ்ப்பார்கள், புள்ளி நூறைத் தாண்டும். அந்த வாரங்களில் யாருக்கு யார் என்பதை ஒருவருடைய விருப்பத்துக்கு விடுவது, பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு நித்திரைக்குப் போவது மாதிரி.

"அப்ப பேசாமல் கிளாசிக் விளையாடுங்கோவன்" என்பார்கள். விளையாடலாம், ஆகவும் நீதியானது அதுதான். ஆனால் கிளாசிக்கில் 'இந்த வாரம் உனக்கும் எனக்கும்' என்ற கதை இல்லை. டோஹாவில் இரவு வேலை முடித்து வருகிறவன் யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஒருத்தனுக்கு "உன்ர கீப்பர் இன்னும் விளையாடேல்லையே?" என்று கேட்க ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை நேருக்கு நேர்தான் தருகிறது. அதை வைத்துக்கொண்டே நீதியாகவும் நடத்தலாம் என்னும்போது இரண்டில் ஒன்றைத் தெரிவு செய் என்று மிரட்டுவது சோம்பேறித்தனம்.

லக் வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. கப்டன் பதினோராம் நிமிடத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவது லக். வீ.ஏ.ஆர் பார்த்துக் கோலை அழிப்பது லக். பெனால்டி கம்பத்தில் படுவது லக். அது எல்லாருடைய தலையிலும் ஒரே மாதிரி விழக்கூடியது, ஒருவரும் எழுதி வைத்ததில்லை. அதில் எவ்வளவு அழுதாலும் நான் கூட இருந்து சிரிப்பேன்.

ஆகவே வருகிற ஓகஸ்டில் லிங்க் வந்தவுடன் காசு போட முதல் மூன்று விஷயம் கேளுங்கோ. மிச்ச வாரங்களுக்கு என்ன விதி? அணியைக் கைவிடுகிறவருக்கு என்ன விதி? குலுக்கல் எப்போது, யார் முன்னால்? பதில் எழுத்தில் வரட்டும், முதல் கேம்வீக்குக்கு முன்னால் வரட்டும். 33ஆம் வாரம் முடிய ஆறாம், ஏழாம் இடங்கள் சமனாக நின்றால் அதுவரைக்கும் எடுத்த மொத்தப் புள்ளியைப் பார்க்கலாம். அதுவும் சமன் என்றால் அவர்கள் தங்களுக்குள் மோதிய மூன்று ஆட்டம். அதிலும் தீராவிட்டால் ஒரு சீட்டு எழுதிக் குலுக்க வேண்டியதுதான், அதை எடுக்கிறது அட்மின் இல்லாத வேறொருவராக இருக்கட்டும்.